சர்வரைத் தேடி ஜெலுத்தோங் போனேன்

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு பாரத்தில் ஒரு விலாசத்தை நிரப்ப வேண்டும்.

என் தங்கை புனிதா பிறையில் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறாள். தொழிலாளர்கள் அவளுடைய வலைத்தளத்தில் பெயர் பதிந்து ஆர்டர் கொடுப்பார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஒரு பாரம் வந்திருந்தது. பதினான்காவது கேள்வி: இந்த விவரங்கள் உள்ள சர்வர் எங்கே இருக்கிறது? மாலை ஐந்துக்குள் பதில் இல்லாவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்கு.

“கிளவுட்லன்னு எழுதினேன். அது எந்த இடம்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க பேப்பர்ல இருந்தவரு. விலாசம் கண்டுபிடிக்கிறதெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு, அண்ணே.”

இந்த மாதிரிப் புகழ்ச்சிக்கு நான் தவறாமல் விழுவேன்.

சர்வர் இருக்கும் இடத்தைக் காட்டும் ஓர் இணையப் பக்கத்தை, வீட்டில் இருந்தபடியே, கைப்பேசியில் திறந்தேன். நான் எதையும் தட்டுவதற்கு முன்பே வரைபடம் வந்தது. ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி. கேட்காமலே பதில்! முப்பது வருடத்தில் எந்த அலுவலகமும் என்னிடம் இப்படி நடந்துகொண்டதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நேரில் பார்க்காததை எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. ஆகவே எழுதவில்லை. புனிதாவுக்குப் போன் செய்து விலாசத்தைச் சொல்லிவிட்டு, நேரில் பார்க்க மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். அவள் பாரத்தை உடனே அனுப்பிவிட்டாள்.

புள்ளி இருந்த இடத்தில் ஒரு கார் பட்டறை.

சர்வரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னேன். பட்டறைக்காரர் ஆச்சரியப்படவில்லை. போன மாதம் ஒருவர் தொலைந்த கைப்பேசியைத் தேடி இதே இடத்துக்கு வந்தாராம். அதற்கு முன்பு ஓர் அம்மா, போனில் தன்னை ஏமாற்றியவனை அடிக்கக் குடையோடு வந்தாராம்.

“எல்லாப் புள்ளியும் எங்கிட்டதான் லா வருது. கஸ்டமர்தான் வரல.”

என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். “அண்ணே, இதுல மேல கட்டம் இருக்கு பாருங்க. அதுல வெப்சைட் பேர் போடணும். போடலன்னா உங்க போனைத்தான் காட்டும்.”

அதாவது, நான் என்னையே தேடியிருக்கிறேன். என் வீடோ சில மைல் தள்ளி, ஆயர் ஈத்தாமில். அதையும் தப்பாகத்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

அப்போது புனிதா கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். தொழிற்சாலையில் பாரத்தைப் பார்க்கும் மேரிக்கு ஜெலுத்தோங்கில்தான் வீடாம். போகிற வழிதானே என்று சர்வரை ஒரு எட்டுப் பார்க்க வருகிறாராம்.

விஷயத்தைச் சொன்னேன். பட்டறைக்காரர் போனில் சொல்லச் சொல்ல, அவள் தன் கிளவுட் கணக்கைத் திறந்து அமைப்புகளைப் பார்த்தாள். சிங்கப்பூர் என்று இருந்தது. எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று கிளவுட் நிறுவனத்தைக் கேட்டால், பாதுகாப்புக்காக யாருக்கும் சொல்வதில்லை என்று பதில் வந்தது.

நாலரைக்கு மேரி வந்தார். தூக்கி நிறுத்திய காரையும் கழற்றிப் போட்ட எஞ்சினையும் சுற்றிப் பார்த்தார்.

“இதுல சர்வர் எது, அங்கிள்?”

உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“எந்த நாடுன்னு தெரிஞ்சா போதும் அங்கிள். தெருவெல்லாம் யார் கேட்டா?”

பாரத்தை எடுத்து, ஜெலுத்தோங்கை அடித்து சிங்கப்பூர் என்று எழுதினார். விலாசம் சொன்னவர் என்ற முறையில் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்திரிகையில் என் திருத்தங்கள் உள்பக்கத்தில், சின்ன எழுத்தில், பெயரில்லாமல் வரும்.

ஒப்பந்தம் புனிதாவுக்கே கிடைத்தது. மேரியின் காரில் பிரேக் சத்தம் போட்டதால் அதை அங்கேயே விட்டுப் போனார். புள்ளியால் வந்த முதல் கஸ்டமர் அவர்தான் என்று பட்டறைக்காரர் எனக்குப் பால் கலக்காத தேநீர், ஒரு தே ஓ, வாங்கிக் கொடுத்தார்.