கலூரில் வாங்கிய ஹார்டு டிஸ்க்

மட்டாஞ்சேரி,
14-9-2005

மதிப்பிற்குரிய மச்சான் ராமர் அவர்களுக்கு, தங்கச்சி புருஷன் சங்கிலிப்பாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அங்கம்மாளும் சுகம். மதினி கைச் சமையலைத் தின்றும் நீங்கள் திடமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போட்டோக்காரர் பிலிமில் வெளிச்சம் புகுந்துவிட்டது, மகள் மகா கல்யாணத்துக்கு நான் இரவல் கேமராவில் எடுத்த இருநூறு படம்தான் கதி, ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டுக்கு ஆல்பம் போகணும் என்று எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் அந்தப் படமெல்லாம் இருக்கும் ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டருக்குள் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. பக்கத்து வீட்டு அஜீஷ் திறந்து பார்த்து, "சேட்டா, இது இன்னும் ஒரே ஒரு தடவைதான் ஓடும். புதுசு வாங்கிட்டு வா, படத்தை அதுல மாத்தித் தரேன். பின்னாடி ஒயர் மாட்டற இடத்துல இதே மாதிரி பல்லு இருக்கணும், காட்டிக் கேளு" என்று கழற்றிக் கையில் கொடுத்தான்.

உங்கள் தங்கச்சியையும் கூட்டிப் போனேன். தோப்பும்படி சந்தையில் மீனைப் புரட்டிப் பார்த்து வாங்குகிறவள், கலூர் கம்ப்யூட்டர் கடையில் சும்மா இருப்பாளா? கடைக்காரன் சிஜு நாற்பது ஜிபி ஒன்று, எண்பது ஜிபி ஒன்று எடுத்து வைத்தான். இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கனம். இதுக்கு மட்டும் எதுக்குக் கூட விலை?"

"சேச்சி, இதுல கூடுதல் கொள்ளும்."

"திறந்து காட்டு."

"திறந்தா கேடாகும் சேச்சி!"

"மூடியிருக்கறது கேடில்லன்னு எனக்கெப்படித் தெரியும்?"

பாவப்பட்டு அவன் எனக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்தான். மச்சான் தொப்பை நாற்பதில் அடங்காது என்று நான் சொல்லி எண்பதையே எடுத்தோம். அதிலும் இருநூறு ரூபாய் குறைத்துவிட்டாள். ஓட்டைக் குடத்தைப் போட்டுப் புதுக்குடம் எடுக்கிற மாதிரி, பழைய டிஸ்க்கை மேசையில் வைத்து, "இதை எடுத்துக்கிட்டுக் குறைச்சுக்கோ" என்றாள். இவள் போனால் போதும் என்று அவனும் எடுத்துக்கொண்டான். அவள் சாமர்த்தியத்தைப் பஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆகவே கவலை வேண்டாம். சனிக்கிழமையே படங்கள் வந்துவிடும். மகாவும் மாப்பிள்ளையும் எங்களைப் போலவே சண்டை போட்டுக்கொண்டு நூறு வருஷம் வாழட்டும்.

அன்புள்ள,
சங்கிலிப்பாண்டி

பி.கு.: கவரை ஒட்டும்போது அஜீஷ் வந்து, "சேட்டா, பழசு எவிடே?" என்றான். "அதைக் குடுத்துத்தானே இருநூறு குறைச்சேன்" என்றாள் அங்கம்மாள். அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். கவலை வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். கல்யாணம் முழுசும் கலூரில் இருக்கிறது, ஓடுகிறோம். கேட்ட காசைக் கொடுத்துப் பேசாமல் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். "அதெப்படி? கெட்டுப்போன சாமானுக்கு நூறுக்கு மேல தரமாட்டேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.