வேட்டி நுனியில் நாயுருவி

நாற்பத்தெட்டு வயதில் மணவாளன் ஒரு மகத்தான முடிவெடுத்தார். நடப்பது. தினமும் காலையில் ஏரிக்கரை மேலேயே ஒரு மைல் போய், மதகைத் தொட்டுவிட்டுத் திரும்புவது. பம்பாயில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சொத்து, ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தொப்பையும்தான். தொப்பையைத் தட்டிப் பார்த்த டாக்டர், "நடங்க. எண்ணெய்ப் பலகாரம் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

"நீங்களாவது நடக்கிறதாவது. நடக்கிற கதையாச் சொல்லுங்க" என்றாள் மனைவி தாயாரம்மாள்.

மணவாளன் நடந்தார். கரை ஏறும் இடத்தில் அப்பாவுவின் டீக்கடை. போண்டா வாசனை அவரை நலம் விசாரித்தது. அன்றிலிருந்து மதகு அங்கேயே இருந்தது, அவர் இங்கேயே இருந்தார்.

தொல்லை வீட்டில்தான். தாயாரம்மாளுக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும்.

"மதகாண்ட இன்னா பாத்தீங்க?"

"நாரை."

"எத்தினி?"

"ரெண்டு."

"ஒத்தக் கால்ல நின்னுதா?"

"ஒண்ணு ஒத்தக் கால்ல. இன்னொண்ணு... யோசிச்சிக்கினு இருந்திச்சு."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து வேட்டியைப் பார்த்தாள்.

"கரை பூரா நாயுருவி. உங்க மேல ஒரு விதை கூட ஒட்டலியே?"

மறுநாள் நாலாவது போண்டாவை முடித்த கையோடு, கடைக்குப் பின்னால் மண்டிக்கிடந்த நாயுருவியை உருவி, வேட்டி நுனியில் வரிசையாக ஒட்டிக்கொண்டார் மணவாளன். ஏரிக்கரைக்குப் போகாமலே வேட்டிக்குக் கரை வந்துவிட்டது.

தாயாரம்மாள் திருப்திப்பட்ட மாதிரிதான் இருந்தது.

"மழை பேஞ்சி சேறாச்சே, எப்படி நடந்தீங்க?"

"மடிச்சிக் கட்டிக்கினுதான்."

"மடிச்சிக் கட்டினா நுனி இடுப்பாண்ட இல்ல இருக்கும்? நாயுருவி எகிறிக் குதிச்சா ஒட்டிக்கிச்சு?"

மணவாளன் இரண்டு மொழி படித்தவர். இரண்டையும் விட்டுவிட்டு, குனிந்து நாயுருவியைப் பிடுங்க ஆரம்பித்தார்.

"சரி, வுடுங்க. அந்த ரெண்டாவது நாரை இன்னா யோசிச்சிதுன்னு நாளைக்காவது போய்க் கேட்டுக்கினு வாங்க."

மறுநாள் காலை அப்பாவுவின் கடை இருந்த இடத்தில் அடுப்புச் சாம்பல்தான் இருந்தது. அடுப்பைக் காணோம், ஆளைக் காணோம். போண்டா இல்லாத இடத்தில் எதற்கு நிற்பது? தவிர, அந்த நாரை விஷயம் அவரையே அரிக்க ஆரம்பித்திருந்தது. மதகில் உண்மையில் என்னதான் இருக்கிறது?

நடந்தார். நிஜமாகவே நடந்தார். மூச்சு வாங்கியது, முழங்கால் முனகியது. மதகில் நாரைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தார். ஏழு. பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியும் அப்பாவுவும்.

"இன்னா அப்பாவு, இங்க?"

"அண்ணி சொன்னாங்கண்ணே. கம்பெனி கட்டற ஆளுங்க எல்லாம் மதகாண்டதான் கீறாங்க, கடைய அங்க போட்டா யாவாரம் ஆவும்னாங்க. இனிமே இங்கதான்."

இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் முதல் முறையாக மணவாளன் மனைவியை மனதார வாழ்த்தினார்.

"நாலு போண்டா குடு."

அப்பாவு ஒரு தூக்குச் சட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தான். உள்ளே அவித்த பயறு.

"உங்களுக்கு இதான். அண்ணிதான் தினம் நீங்க எழுந்துக்கறதுக்கு முன்னாடியே மதகு வரிக்கும் நடந்துட்டுப் போறாங்களே, இன்னிக்கி வந்தப்ப வச்சிட்டுப் போனாங்க. போண்டா கேட்டா, 'நாரை ஏழு'ன்னு மட்டும் சொல்லச் சொன்னாங்க."