இன்ஜின் விற்பனைக்கு: ஓடாது

ஒரு பொருளை விற்பனைக்கு வைத்து, அதே சமயம் விற்காமலும் இருப்பது எப்படி என்று கண்டுபிடித்தவன் நான். இதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. வீட்டுக்காரி காதில் விழுந்தால் அந்தக் கண்டுபிடிப்பையும் விற்றுவிடுவாள்.

முதலில் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பின்னறையில் ஒரு ரயில் ஓடியது. பொம்மை ரயில் என்று சொல்லக்கூடாது. நிஜ ரயிலைச் சுருக்கி, ஆணி முதற்கொண்டு அளவு பார்த்துச் செய்த மாதிரி ரயில். அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை. அதை நானே இழைத்து, ரசமட்டம் வைத்து, எந்த மூலையில் கோலிக்குண்டை வைத்தாலும் உருளாதபடி சமன் செய்திருந்தேன். அதன்மேல் வளைந்து வரும் தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், ஒரு கைகாட்டி, பதினாறு பெட்டிகள். அத்தனையையும் இழுக்கும் ராஜாவாக ஒரு கருப்பு இன்ஜின். சிவப்புச் சக்கரம். உடம்பெல்லாம் உலோகம். கையில் எடுத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கனக்கும்.

எல்லாம் இணையச் சந்தையில் ஒவ்வொன்றாக வாங்கியவை. படிப்பு எனக்குக் கொஞ்சம்தான். பம்ப்பு செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு நட்டு குறைந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. கூச்சமும் அதிகம். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராது. அப்படிப்பட்டவனுக்கு இணையச் சந்தை சொர்க்கம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். விரலால் ஒரு தட்டு, பார்சல் வாசலில். போன் பேசுவது மட்டும் ஆகாது. தெரியாத நம்பரிலிருந்து மணி அடித்தால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன். சில நாட்களில் உள்ளங்கை ஊறிப்போகிற அளவுக்குக் குளித்திருக்கிறேன்.

வீட்டுக்காரி ஜன்னல் திரை தைப்பவள். தொழில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. திரைத் துணி ஒவ்வொன்றும் ஆள் உயரம் இருக்கும். அவற்றைக் கட்டிலில் விரித்துத்தான் வெட்டுவாள். இதனால் நான் படுத்த இடத்தில் எல்லாம் குண்டூசி. ஒருமுறை நான் போர்த்திக்கொண்டிருந்த போர்வையின் மூலையும் சேர்ந்து வெட்டுப்பட்டு, இன்றைக்கும் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலில் தொங்குகிறது.

ஒரு காலை, காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

“ஏங்க, எனக்கு ஒரு வெட்டு மேஜை வேணும்.”

“வாங்கிட்டாப் போச்சு.”

“அந்தக் கருப்பு இன்ஜினை வித்துடுங்க. அந்தக் காசுல வாங்கலாம்.”

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“இன்ஜினையா? வேற எதையாவது கேளு. கைகாட்டியைக் கேளு.”

“கைகாட்டியை வித்தா மேஜைக்கு ஒரு கால்கூட வராது. இன்ஜின்தான் விலை போகும்னு நீங்கதானே பெருமை பேசுவீங்க?”

“சரி, மேஜை வந்தா எங்க போடுவ? கட்டில் மேலயா?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்.”

பார்த்தீர்களா, முன்யோசனை கிடையாது. இடமே இல்லாத வீட்டுக்கு மேஜை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சண்டை போடவில்லை. “சரிம்மா, இன்னிக்கே விளம்பரம் போடறேன்” என்றேன். அவள் கொஞ்சம் ஆச்சரியப்பட்டாள் என்று அப்போது நினைத்தேன்.

என் திட்டத்தைப் பக்கத்து வீட்டு மீட்டர்காரரிடம் மட்டும் சொன்னேன். மின்சார மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்றவர். சுவருக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“விளம்பரம் போடுவேன் சார். ஆனா ஒருத்தனும் வாங்கமாட்டான்.”

“எப்படி?”

“இன்ஜின்ல இருக்கிற குறையை எல்லாம் எழுதிடுவேன். ஒண்ணு விடாம.”

“குறையைச் சொன்னா யார் வாங்குவா?”

“அதான் சார் திட்டமே.”

“உங்க வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வராதா?”

“விளம்பரம் போட்டாச்சு, யாரும் கேக்கலைன்னா நான் என்ன சார் பண்றது?”

மீட்டர்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். செடிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் அவர் செருப்பில் கொட்டிக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டுல இப்படி நான் ஒரு தடவை பண்ணேன்,” என்றார்.

“ஜெயிச்சீங்களா?”

“செடிக்குத் தண்ணி ஊத்தணும் சார்,” என்று திரும்பிக்கொண்டார்.

ஸ்டோரில் பழுதுப் பொருளுக்கு எழுதுகிற மாதிரி எழுதினேன். புகைபோக்கியின் விளிம்பில் எள்ளளவு பெயர்ந்திருக்கிறது. இடப்பக்கம் பின் சக்கரத்தில் சிவப்பு மங்கல். மணியின் நாக்கு அசையாது. அதிகக் கனம், தபாலில் அனுப்பச் சிரமம். படமும் எடுத்துப் போட்டேன். அழகாகத் தெரியக்கூடாது என்று அடிப்பாகத்தையும் எடுத்தேன். பலகைமேல் வைத்தே எடுத்ததால் பின்னால் பெட்டிகளும் தண்டவாளமும் தெரிந்தன. அது பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளம்பரத்தைப் படித்தாள்.

“பின்னாடி கொக்கி லேசா வளைஞ்சிருக்கே, அதை எழுதலையே.”

“அட, ஆமா.” உடனே சேர்த்தேன். என் குழியை நானே தோண்ட அவள் மண்வெட்டி எடுத்துக் கொடுக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எதிரியே நம் பக்கம் சண்டை போடுகிறாளே என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன்.

குதித்துக் கால் தரையில் படுவதற்குள் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் ஒரு பல் டாக்டர். “இந்தச் சந்தையில் இவ்வளவு உண்மையாக எழுதிய ஒரு மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன். படங்களும் பார்த்தேன். உங்களிடம்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். தயவுசெய்து போன் செய்யுங்கள்.”

குறை சொன்னால் ஓடுவார்கள் என்று பார்த்தால் கும்பிடுகிறார்கள். அதோடு நம்பர் வேறு. நான் துண்டைத் தேடினேன்.

“குளிச்சாச்சே,” என்றாள் வீட்டுக்காரி. “குடுங்க, நான் பேசறேன். உங்களுக்குத்தான் கூச்சமாச்சே.”

போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்றாள். இறங்கி வந்தவள் முகத்தில் வருத்தம்.

“விடமாட்டேங்கிறாருங்க. இன்ஜின் வேணுமாம்.”

“விலை அதிகம்னு சொன்னியா?”

“சொன்னேன். பரவாயில்லையாம்.”

அன்றைக்குத்தான் என் மூளையின் முழு உயரம் எனக்கே தெரிந்தது. ஓடாத இன்ஜினை யார் வாங்குவார்? ஆனால் ஓடுகிற இன்ஜினை ஓடாது என்று எழுத எனக்குக் கை வராது. இருப்பதை இருப்பு என்றும் இல்லாததை இல்லை என்றும் எழுதியே சம்பளம் வாங்கியவன். ஆகவே, ஓடாது என்று எழுதுவதற்கு முன்னால் ஓடாமல் செய்துவிடுவதுதான் முறை.

மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்த உளுந்து அளவில் இரண்டு கரித்துண்டுகள் இருக்கும். ஒன்றைக் கழற்றினால் போதும், இன்ஜின் கல். கழற்றினேன். பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு ‘டப்’பென்று மூடினேன். வாசற்படியில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி தலை நிமிரவே இல்லை. சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. மனச்சாட்சி சுத்தம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் சேர்த்தேன்: இன்ஜின் ஓடாது.

வீட்டுக்காரி மறுபடி மாடிக்குப் போய் வந்தாள்.

“ஓடாட்டியும் பரவாயில்லைங்கிறார். ஆஸ்பத்திரியில அலமாரியில வெக்கவாம்.”

“ஐயோ.”

“நானும் விடலை. அது இவருக்கு உசிரு டாக்டர்னு சொன்னேன். கடைசியில மனசு இளகிட்டார். இன்ஜினை விட்டுடறேன், அதுக்குப் பதிலா அந்தப் பெட்டிகளையாவது குடுங்கங்கிறார்.”

பதினாறு பெட்டிகள். ஒவ்வொன்றும் தேடித் தேடி வாங்கியது. ஆனால் சதுரங்கம் தெரிந்தவனுக்குத் தெரியும். ராஜா தப்ப வேண்டுமென்றால் காய்களைக் கொடுக்கத்தான் வேண்டும்.

“குடுத்துடு. இன்ஜின் தப்பிச்சா போதும்.”

“நீங்க சொன்னா சரி,” என்று பெருமூச்சு விட்டாள்.

அடுத்த முறை இறங்கி வந்தபோது, “பெட்டியை மட்டும் வெச்சு என்ன பண்றதுங்கிறார். அது நிக்கத் தண்டவாளம் வேணுமாம். இல்லைன்னா பழையபடி இன்ஜினுக்கே வந்துடறார்.”

யோசித்துப் பார்த்தால் அது நியாயம். பெட்டி தண்டவாளத்தில்தான் நிற்கும். “குடு” என்றேன்.

அதற்கடுத்து ஸ்டேஷன் போயிற்று. தண்டவாளம் இருந்து ஸ்டேஷன் இல்லையென்றால் ஆள் எங்கே இறங்குவது என்று டாக்டர் கேட்டாராம். அப்புறம் கைகாட்டி, தண்டவாளத்துக்குக் கரண்டு கொடுக்கும் மின்சாரப் பெட்டி. ஒவ்வொரு முறையும் அவள் மாடி ஏறினாள். ஒவ்வொரு முறையும் டாக்டர் இன்ஜினைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் நான் இன்ஜினைக் காப்பாற்றினேன். இப்படி ஒரு தற்காப்புப் போரை நான் கேள்விப்பட்டதில்லை.

ஓர் இடத்தில் நிமிர்ந்து நின்றேன்.

“பலகையைக் கேட்டா மட்டும் முடியாதுன்னு சொல்லிடு. நானே இழைச்சது. கறாராச் சொல்லு.”

“கறாராவா?”

“கறாரா.”

போய் வந்தாள். “பேசிட்டேங்க. பலகை நமக்கே.”

“பாத்தியா, கொஞ்சம் அழுத்தினா இறங்கி வருவாங்க,” என்றேன். “ஆமாங்க,” என்றாள். அவள் கண்ணில் என்மேல் மரியாதை தெரிந்தது. மரியாதை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் டாக்டர் வேனோடு வந்து இறங்கினார். முன்பின் தெரியாத மனிதர். நான் துண்டோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். குளியலறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஒரு காற்று ஜன்னல். முகத்தில் சோப்பைப் போட்டபோது பேச்சு கேட்டது.

“அந்த இன்ஜினையும் சும்மா எடுத்துட்டுப் போறீங்களா டாக்டர்?” இது வீட்டுக்காரி. கேலி செய்கிற குரல்.

“வேண்டாம்மா. எங்கிட்டயே ஏழு இருக்கு. எட்டாவதை எங்க வெப்பேன்? முதல் போன்லயே சொன்னேனே, பின்னாடி படத்துல தெரிஞ்ச தண்டவாளமும் பெட்டியும்தான் வேணும்னு.”

“சொன்னீங்க டாக்டர். இவர்கிட்ட மொத்தமாச் சொன்னா தாங்கமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொல்லணும்.”

“பல்லும் அப்படித்தாம்மா. ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கண்ணில் சோப்பு. சோப்புதான்.

“ஐயாவைப் பாக்கலாமா?”

“குளிக்கறார்.”

“நல்ல மனுஷர்மா. ஓடலைன்னா ஓடலைன்னு எழுதறார் பாருங்க. எங்கிட்டயும் ஒரு இன்ஜின் நின்னுபோச்சு, மோட்டாருக்குள்ள கரித்துண்டு தேஞ்சுட்டுது. கடையில கிடைக்கவே மாட்டேங்குது.”

“உளுந்து மாதிரி இருக்குமே, அதுவா? கொஞ்சம் இருங்க.”

பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் கண்ணாடிக் கூடு. கதவைத் திறந்து ஓடலாம் என்றால் இடுப்பில் துண்டு, தலையெல்லாம் நுரை, வெளியே ஒரு அந்நியர். கூச்சம் வென்றது. வேன் புறப்படும் சத்தம் கேட்கும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு பின்னறைக்குப் போனபோது, அறை பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. நான் கறாராகக் காப்பாற்றிய பலகைமேல் ஒரு நீலத் திரைத் துணி, மூலைக்கு மூலை, ஒரு சுருக்கம் இல்லாமல் விரிந்து கிடந்தது. துணி நகராமலிருக்க நடுவில் ஒரு கனத்தை வைத்திருந்தாள். கருப்பு. சிவப்புச் சக்கரம்.

“மேஜை வாங்கணும்னு சொன்னியே?” என்றேன்.

“எதுக்கு வாங்கணும்? மேடு பள்ளமே இல்லாம இவ்வளவு சமமான மேஜை எந்தக் கடையில கிடைக்கும்? அளவு பாத்துதான் வெச்சிருந்தேன்.” டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டாள். “இந்தக் கனமும் நல்லா இருக்கு. துணி அசையவே இல்லை.”

“அந்தக் கரித்துண்டைக் குடுத்துட்டியே. இனிமே இது ஓடவே ஓடாதே.”

“ஓடாதுன்னு எழுதினது நீங்க,” என்றாள் கத்தரிக்கோலை எடுத்தபடி. “உங்க வார்த்தையைக் காப்பாத்தினது நான். சரி, அந்த நுனியைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.”