சர்வருக்குச் செபம் சொன்ன உபதேசியார்

கம்ப்யூட்டருக்குச் செபம் சொல்லிக்கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் நாகர்கோவிலில், எங்கள் அலுவலகத்தில், என் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

கடற்கரை ஊர்களில் கிறிஸ்தவக் கோயிலில் செபத்தின் முதல் பாதியைச் சொல்லி, மீதியை மக்களிடமிருந்து வாங்குகிறவர் உபதேசியார். நம்மாள் பிறந்தது இராஜாக்கமங்கலம் பக்கம். சர்வர் வேலை கற்றது வளைகுடாவில். பழக்கம் மட்டும் கோயிலில் பிடித்தது. எதை நிறுவினாலும் அவர் ஒரு வரி கேட்பார், நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உபதேசியார் என்ற பட்டப்பெயருக்காக யாரும் மெனக்கெடவில்லை.

கன்டெய்னர் மென்பொருள் நிறுவும் நாள் என்றால் திருவிழாதான். ஒரு செயலியை, அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு, ஒரே பெட்டியில் அடைத்து ஓட்டுகிற மென்பொருள் அது. எங்கள் சர்வரின் இயங்குதளமோ பெரிய கம்பெனிகளுக்கென்றே செய்தது, லேசில் மசியாது. பழைய பொதிகளைக் களைந்து, புதியவை கிடைக்கும் கிடங்கான ரெப்போவைச் சேர்த்தால்தான் வழிக்கு வரும்.

"பழைய பேக்கேஜ்?"

"களைஞ்சாச்சு!"

"புது ரெப்போ?"

"சேத்தாச்சு!"

"இன்ஸ்டால்?"

"ஆச்சு!"

"ஸ்டார்ட்?"

"ஆச்சு!"

கடைசிக் கேள்விக்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"எனேபிள்?"

"கரண்டு போனாலும் தானா எழும்பும்!"

இந்தப் பதில் கீழே ஜவுளிக்கடை வரை கேட்க வேண்டும். ஸ்டார்ட் என்ற கட்டளை மென்பொருளை இப்போதைக்கு எழுப்பிவிடும், அவ்வளவுதான். சர்வர் விழுந்து எழுந்தால் கூடவே அதுவும் எழும்ப, எனேபிள் என்று தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். ஒருமுறை வீடியோ அழைப்பில் இருந்த சென்னை வாடிக்கையாளர் இந்தக் கூச்சலைக் கேட்டு மிரண்டு, "ப்ரேயர் முடிஞ்சதும் கூப்பிடுறேன் சார்" என்று வைத்துவிட்டார். நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

அந்தச் சர்வரில் ஓடிய செயலி ஒன்றுதான். கடலுக்குப் போன வள்ளங்களில் எது கரைக்கு வந்தது, எது வரவில்லை என்று வீட்டிலிருப்பவர்கள் செல்போனில் பார்க்கலாம்.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்தார்கள். பழைய சர்வருக்கு மாற்றாகப் புதிதாக வந்த சர்வரில் நான் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் நிறுவினேன். கேள்வியும் நானே, பதிலும் நானே. "எனேபிள்?" என்று கேட்டு, "தானா எழும்பும்!" என்று உரக்கச் சொன்னேன். கட்டளையை மட்டும் அடிக்கவில்லை. வாய் சொல்லிவிட்டதால், கை தன் வேலை முடிந்ததென்று நினைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் கரண்டு போய் வந்தது. சர்வர் எழுந்தது, செயலி எழவில்லை. கடலில் காற்று வேறு. கரையெல்லாம் செல்போன்களில் வெற்றுப் பக்கம். உபதேசியார் மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் வந்து ஒரே நிமிடத்தில் சரிசெய்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்தார்.

"மக்கா, எனக்க தம்பி போன வள்ளம் திரும்பி வரல்ல. எங்க அம்மை மூணு நாளு கடலையே பாத்துட்டு கெடந்தா. ஆளும் இல்ல, சேதியும் இல்ல. செல்போன்ல இந்தப் பக்கம் ஒழிஞ்சு கெடந்தா எனக்கு அதாக்கும் ஓர்ம வருது."

நாலு வருடமாக நாங்கள் கோமாளித்தனம் என்று சிரித்த செபத்துக்குள் இருந்தது இதுதான். எனக்கு என்னை நினைத்தே வெட்கமாக இருந்தது.

போன மழைக்காலத்தில் ஈரல் கெட்டுப் படுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்தும் போன் வரும். "வள்ளமெல்லாம் தெரியுதா? எனேபிள்?" நான் பதில் சொன்ன பிறகுதான் வைப்பார். ஒரு நாள் போன் வரவில்லை.

அடக்கத்துக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரும் போனோம். கல்லறைத் தோட்டத்தில் நிற்கும்போது என் செல்போன் அதிர்ந்தது. அலுவலகத்தில் கரண்டு போய்விட்டது, சர்வர் விழுந்துவிட்டது என்று தானாக வரும் எச்சரிக்கைச் செய்தி. கரண்டு போனால் தாங்க வேண்டிய எங்கள் யுபிஎஸ் ஏற்கனவே சீக்காளி. ஓடிப்போய்ப் பார்க்கவும் அங்கே ஆளில்லை. பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் முறைத்தார்.

கொஞ்ச நேரத்தில் கரண்டு திரும்பியிருக்க வேண்டும், செல்போனில் வள்ளங்களின் பக்கம் வந்தது. யாரும் தொடவில்லை, அதுவாக வந்தது. ஊரில் சாவு என்றால் யாரும் கடலுக்குப் போவதில்லை. அவர் ஊர் வள்ளம் எல்லாவற்றுக்கும் நேரே 'கரையில்' என்றிருந்தது.

மண் போடும்போது எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வேறு பதில்தான் வாயில் வந்தது.

"கரண்டு போச்சு உபதேசியாரே. தானா எழும்பிட்டு."

ஜவுளிக்கடை வரை கேட்கும்படி சொல்லத்தான் நினைத்தேன். பக்கத்தில் நின்று முறைத்தவருக்கு மட்டும்தான் கேட்டது.