இன்னும் வயலின் வரவில்லை

பாட்டுப் பைத்தியத்தை உங்களுக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஒருவராவது இருப்பார். குளியலறையில் பாடுவார், கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், அவ்வளவுதான். ஆபத்தில்லாத ரகம். நான் சொல்ல வந்தது வேறு இனம். படத்தில் பாட்டு வந்தால் இவர் எழுந்து போய்க் கச்சான் கடலை வாங்கி வருவார். பாட்டு முடிந்து, யாரோ ஒருவர் வாசலில் ஒன்றும் பேசாமல் நிற்க, அவருக்குப் பின்னால் எங்கிருந்தோ ஒரு புல்லாங்குழல் மெல்ல இழுக்கும் பாருங்கள், அந்த இடத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து, கச்சான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, தாரை தாரையாக அழுவார். இவர்தான் பின்னணி இசைப் பிரியர்.

இவரை எப்படிக் கண்டுபிடிப்பது? சட்டையைப் பாருங்கள். முழுக்கை போடமாட்டார். போட்டால் முழங்கை முடி சிலிர்த்து நிற்பதை உங்களிடம் எப்படிக் காட்டுவது? பசியாற ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருப்பீர்கள். எதிரில் வந்து உட்காருவார். கையை உங்கள் தட்டுக்குக் குறுக்கே நீட்டுவார். "பாத்தீங்களா, எப்படி நிக்குதுன்னு" என்பார். நீங்கள் பார்க்க வேண்டும். பார்த்தால் மட்டும் போதாது, தொட்டும் பார்க்க வேண்டும். பிறகு கைப்பேசியை உங்கள் பருப்புக் குழம்புக்குப் பக்கத்தில் வைத்து ஒன்றைப் போட்டுவிடுவார். போட்டபின் அவர் கைப்பேசியைப் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். மெல்லக் கூடாது. விழுங்கக் கூடாது. தே தாரிக் டீயை உறிஞ்சினால் சத்தம் வரும். சரி, ஆஹா என்று ஒன்றைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று சொல்லிவைத்தால், "அவசரப்படாதீங்க, இன்னும் வரல" என்பார். என்ன வரவில்லை? அது உங்களுக்கே தெரியவேண்டும். தெரியாவிட்டால் நீங்கள் மனிதரே இல்லை.

இன்னொரு அடையாளம், கதையைக் கேட்டுப் பாருங்கள். நேற்றுப் பார்த்த படத்தில் யார் யாரைக் கட்டினார், யார் செத்தார் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார். முகமெல்லாம் வெறும் இடைஞ்சல் அவருக்கு. "அந்த எடத்துல நாப்பது வயலின் ஒண்ணா ஏறும்" என்பார். எந்த இடம்? ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும் இடமா, ஒரு பிள்ளை பரீட்சையில் தேறும் இடமா? அது அவருக்குத் தேவையில்லாத சமாச்சாரம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கை இதில்தான் போய் மாட்டிக்கொண்டது.

எங்கள் வீட்டிலும் ஒருவன் உண்டு. என் அப்பாவுக்கு அடுத்தவர் குப்பன் சித்தப்பா, அவருக்குக் காப்பாரில் பெண் எடுத்தது, அந்தச் சித்தி வயிற்றில் நாலாவதாகப் பிறந்தவன் குணாளன். மற்ற மூன்று பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். எங்கள் வழியில் அழுகிற பழக்கமே கிடையாது. குப்பன் சித்தப்பாவை மோட்டார் காடி மோதித் தள்ளியபோது கூட, சாலையில் கிடந்தபடியே, செருப்பில் ஒன்று எங்கே விழுந்தது பார் என்றுதான் கேட்டாராம். அவர் பிள்ளை இப்படி. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை. மாலையில் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இசை முடியாவிட்டால், வீட்டுப்பக்கம் வண்டியைத் திருப்பமாட்டான். நேரே ஷா ஆலம்வரை போய், முடிந்தபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவான். அவன் மனைவி புஷ்பவதி ஆரம்பத்தில் சந்தேகப்பட்டாள், பிறகு ஒருநாள் கூடவே போய்ப் பார்த்தாள், அதற்கப்புறம் சந்தேகப்படுவதே மேல் என்று எங்களிடம் சொன்னாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாசார் சந்தைக்குப் போனவன் கெம்போங் மீன் கூடைக்கு முன்னால் நின்று கண்ணீர் வடித்திருக்கிறான். மீன்காரச் சீனர், இவன் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து, தோளைத் தட்டி, பெரிய மீனாக இரண்டைச் சேர்த்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து மீன் வாங்கக் குணாளன்தான் போகிறான். எதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும் என்று புஷ்பவதி எடுத்துக் கொடுக்கிறாள்.

இவர்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. பல் வைத்தியரிடம் வேலை. வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே அதட்டல் படிந்த குரல். சித்தியவான் ஊர்ப் பையன் லோகேந்திரனைத் தானே பார்த்து, தானே முடிவு செய்து, இரண்டு வீட்டிலும் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தவள். பையனின் அப்பா அர்ச்சுனன் ஒருவழியாக இறங்கி வந்தார். அவருடைய அக்கா மங்களேஸ்வரி இறங்கவில்லை. தம்பி மகனுக்குத் தன் மகளைக் கொடுக்க நினைத்திருந்தவள் எப்படி இறங்குவாள்? பரிசத்தன்று ஏதாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள்.

இது தெரிந்துதான் தர்ஷினி அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள், மண்டபத்துக்கு அந்த ஒலிபெருக்கிப் பெட்டி வரக்கூடாது என்று. குணாளன் சரி என்றான். சாப்பிடாமல் படுத்தான். மறுநாள், ஒரே ஒரு இடத்தில் மட்டும் என்று கெஞ்சினான். எங்கள் வழக்கத்தில் பையனின் அப்பா தட்டை நீட்டி, பரிசம் உங்க பரிசம், பொண்ணு எங்க பொண்ணு என்று சொல்ல வேண்டும். பெண்ணின் அப்பா வாங்கிக்கொண்டு, பரிசம் எங்க பரிசம், பொண்ணு உங்க பொண்ணு என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று முறை. மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால் தட்டு திரும்பிப் போய்விடும். அப்படி ஒருமுறை போயிருக்கிறது, என் பெரிய மாமா மகள் சரோஜா பரிசத்தில். அந்த இரண்டு குடும்பமும் இன்றைக்கும் ஒரே சாவு வீட்டில் சேர்ந்து உட்காருவதில்லை, ஒருவர் எழுந்த பிறகுதான் மற்றவர் வருவார்கள். அந்தப் பதிலுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் இசை ஓடட்டும் என்றான் குணாளன். பெற்ற அப்பா, வேறு என்ன கேட்டான் என்று அவளும் விட்டுக்கொடுத்தாள்.

விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

காப்பார் கோயில் மண்டபம். பையன் வீட்டார் தட்டுகளோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறேன் என்று பெட்டியைத் தட்டிவிட்டான் குணாளன். கிளம்பியது ஒரு இசை, தரையே அதிர்ந்தது. அவனுக்கு அதில் வரும் கனத்த தந்தி பிடிக்கும், அவ்வளவுதான் தெரியும். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது எந்த இடம் என்று தெரியும். வட்டிக்காரன் அடியாட்களோடு வீட்டைப் பூட்ட வரும் இடம். நூறு தலை திரும்பி அர்ச்சுனனை முறைத்தது. அந்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? கோபப்பட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. சாதாரணமாக வேகமாக நடப்பவர், தாளத்துக்கு ஒரு அடி, தாளத்துக்கு ஒரு அடி என்று மெதுவாக நடந்து வந்தார். கை தானாகப் போய் மீசையைத் தொட்டது. நான் அப்போதே கவனித்தேன்.

உட்கார்ந்தார்கள். பேசினார்கள். அர்ச்சுனன் தட்டை ஏந்திக்கொண்டு எழுந்தார். குணாளன் பெட்டியைத் தட்டினான். ஒற்றைப் புல்லாங்குழல் தொடங்கியது.

அர்ச்சுனன் பேச்சு எப்போதும் தந்தி வாசகம். புல்லாங்குழல் மூச்சு வாங்குவதற்குள் சொல்லிவிட்டார்.

"பரிசம் உங்க பரிசம், பொண்ணு எங்க பொண்ணு."

குணாளன் ஒரு விரலைத் தூக்கினான்.

"கொஞ்சம் இருங்க சம்பந்தி. இன்னும் வரல."

"யாராச்சும் பெரியவங்க வரணுமா?"

"வயலின்."

வீட்டில் புஷ்பவதியை அர்ச்சுனனாக நிற்கவைத்து வாரம் முழுக்க ஒத்திகை பார்த்திருக்கிறான். அவள் சாவகாசமாக, அடுப்பில் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள், வயலின் ஏறுவதற்குச் சரியாக இருக்கும். அர்ச்சுனனுக்கு அடுப்பு இல்லையே. இரண்டாவது தடவையும் சொன்னார். குணாளன் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான். அந்த நேரம் பார்த்து வயலின் வந்தது.

வந்தது என்றால், நாற்பதும் ஒன்றாக ஏறியது. குணாளன் வாயைத் திறந்தான். பரி என்ற வரைக்கும் வெளியே வந்தது. மீதியை அழுகை தின்றுவிட்டது. தாடை ஆட, தோள் குலுங்க, தட்டை வாங்க வேண்டிய இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கேவினான்.

இதோடு போயிருந்தால் பெண்ணைப் பெற்றவன் பாசம் என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்த இசை எந்த இடம்? குணாளனுக்குத் தெரியாது. மண்டபத்துக்குத் தெரியும். மாப்பிள்ளை அயோக்கியன் என்று தெரிந்தே, வேறு வழியில்லாமல் ஒரு அப்பன் மகளைப் பிடித்துக்கொடுக்கும் இடம். படம் பார்க்காதவர் எங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? மெல்ல மெல்ல எல்லாக் கண்ணும் லோகேந்திரன் பக்கம் திரும்பியது. பையன் சும்மா உட்கார்ந்திருந்தான். வயலின் ஏற ஏற, சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தில் ஏதோ களவாணித்தனம் தெரிய ஆரம்பித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருத்தி, இவனுக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கும்போல என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். பாவம், அந்தப் பையனே தன் வேட்டிக் கரையைக் குனிந்து பார்த்துக்கொண்டான், தான் என்ன செய்துவிட்டோம் என்று தேடுகிற மாதிரி.

மங்களேஸ்வரி எழுந்தாள். அவள் காத்திருந்தது இதற்குத்தானே.

"எங்க பையன்கிட்ட என்னா குத்தத்தக் கண்டீங்க, இப்படி எழவு வீடு மாதிரி அழுவுறீங்க? குடுக்க மனசில்லன்னா வாயத் தொறந்து சொல்லணும் லா."

குணாளன் கையை ஆட்டி இல்லை இல்லை என்றான். அழுகிறவன் இல்லை என்று கையை ஆட்டினால் எப்படி இருக்கும்? பெண்ணைத் தரமாட்டேன் என்பதுபோல் இருந்தது. அர்ச்சுனன் முகம் கறுத்தது. மூன்றாவது தடவைக்கு வாயெடுத்தார். இதற்கும் பதில் வராவிட்டால் தட்டு வாசலுக்குப் போய்விடும், அதற்குப் பின்னால் தர்ஷினி மல்லுக்கட்டிய ஒரு வருஷமும் போய்விடும்.

தர்ஷினி எழுந்தாள். பெண் அலங்காரத்தோடு, கொலுசு சத்தம் வர, மண்டபத்தைக் குறுக்கே கடந்து போய், பெட்டியின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

அப்படி ஒரு அமைதி. காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது. பின்கட்டில் யாரோ தாளிக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா. இப்ப சொல்லுங்க."

குணாளன் கண்ணைத் திறந்தான். சுற்றிலும் பார்த்தான், நடுக்கடலில் தோணி காணாமல் போனவன் மாதிரி. அர்ச்சுனன் மூன்றாவது முறை சொன்னார். தட்டை வாங்கிக்கொண்டு குணாளன் பதிலைச் சொன்னான். கேட்டது மூன்று முறை என்பதால் பதிலையும் மூன்று முறை, ஒரே மூச்சில், மின்சார மீட்டரைப் படிக்கிறவன் குரலில் சொன்னான். முடிந்தது. பரிசம் போட்டாகிவிட்டது. மங்களேஸ்வரிக்குக் கூடச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ஒருவரும் அசையவில்லை. வாழ்த்த வேண்டியவர்கள் வாழ்த்தவில்லை. சாப்பாட்டுப் பக்கம் போக வேண்டியவர்கள் போகவில்லை. படம் பிடிக்கிற பையன், தொடங்கியாச்சா என்று கேட்டான். தட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அர்ச்சுனன் அப்படியே நின்றார். சம்பந்தியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"மருமகளே, அந்த ஒயரக் கொஞ்சம் சொருவும்மா. மொதல்லேர்ந்து வரட்டும்."

"மாமா, பரிசம் முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சது தெரியுதும்மா. நடந்ததுதான் தெரியல."

எங்கள் பரம்பரையில் ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் இரண்டு பரிசம் போட்டது அன்றைக்குத்தான். தட்டு திரும்ப அர்ச்சுனன் கைக்குப் போனது. புல்லாங்குழல் தொடங்கியது. இந்த முறை அவர் அவசரப்படவில்லை, கண்ணை மூடிக் காத்திருந்து, நாற்பதும் ஏறும்போது சொன்னார் பாருங்கள், இரண்டு சம்பந்தியும் கட்டிக்கொண்டு அழ, லோகேந்திரன் அழ, சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று அழ, முந்தானையை முதலில் கண்ணுக்கு எடுத்துப் போனவள் மங்களேஸ்வரி. மாப்பிள்ளை அயோக்கியன் என்று யாருக்கும் ஞாபகமே இல்லை. தர்ஷினி மட்டும் அழவில்லை. அவள் அந்த ஒயர் பக்கத்திலேயே நின்றாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் ஒயரைப் பிடுங்கிய இடத்தில் உங்கள் காதுக்குள்ளே ஏதோ சட்டென்று நின்றது, இல்லையா? நான் அது எந்தப் படம் என்று சொல்லவில்லை, யார் போட்ட இசை என்று சொல்லவில்லை, ஒரு ராகத்தைக்கூட முனகிக் காட்டவில்லை. பிறகு எதுங்க நின்றது?

கையை நீட்டுங்கள், பார்ப்போம்.