துரத்துகிற மீன்

"டேய், விடுடா அவள!"

பத்துமலை கண்ணாடித் தொட்டியைத் தட்டினார். சிவப்பு மீன் சட்டை செய்யவில்லை. வெள்ளை மீனின் வயிற்றில் முட்டி முட்டித் துரத்திக்கொண்டே இருந்தது.

மகள் வேலைக்காகச் சிங்கப்பூர் போன பிறகு, ஈப்போ வீட்டில் அவர் மனைவி விமலாவுக்குப் பேச்சுத்துணை இந்த இரண்டு தங்கமீன்கள்தான். ஊரிலிருந்து வந்திருந்த தங்கை கலாதேவியோடு அவள் சந்தைக்குப் போயிருந்தாள். திரும்புவதற்குள் இந்த ரௌடியை அடக்கியாக வேண்டும்.

தொட்டிக்கு நடுவே பிளாஸ்டிக் அட்டையைச் செருகினார். சிவப்பு ஒரே தாவலாகத் தாவித் தரையில் விழுந்தது. பிடித்து வாளியில் போட்டார். அப்போதுதான் அதன் செவுளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகளைக் கண்டார்.

"அலாமாக், சீக்கு லா இது!"

வாளியில் கைநிறைய உப்பைக் கொட்டினார். மீன் மல்லாந்தது. பதறிப்போய்த் தொட்டிக்கே திருப்பினார். அங்கே பாசி முழுக்கக் கசகசாவைத் தூவியதுபோல் மணிமணியாக ஏதோ ஒட்டியிருந்தது. சீக்கு பரவிவிட்டது! பாசியை அப்படியே அள்ளி, வாசல் கால்வாயில் வீசிவிட்டு, மீன்கடை சாந்தினிக்குப் போன் போட்டார்.

அவள் சிரித்தாள். "சீக்கு இல்ல அங்கிள். சோடி சேர்ற நேரத்துல ஆம்பள மீனுக்கு அப்படித்தான் புள்ளி வரும். துரத்தித் துரத்தித்தான் முட்டை போட வைக்கும். பாசியில ஒட்டியிருக்கும் பாருங்க, அத வேற தொட்டியில வச்சிருங்க. இல்லன்னா அப்பன் ஆத்தாளே தின்னுரும்."

பத்துமலை வாசலுக்கு ஓடினார். கால்வாயில் மழைத்தண்ணீர் இரைந்து போய்க்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் விமலா தொட்டியருகே போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சந்தைப் பையைக் கலாதேவிதான் பிரித்துக் காய் நறுக்கினாள்.

"கோவிச்சுக்காத லா," என்றார் பத்துமலை. "மறுபடியும் போடும். ஆம்பள விட்டுருவானா? நான் விட்டனா? சுங்கை சிப்புட் தோட்டத்துல, ஸ்டோர்ல ரப்பர் பால் கொட்டிட்டு நீ வீட்டுக்குப் போறப்பெல்லாம் பின்னாலேயே சைக்கிள்ல வரலயா?"

அந்த ரப்பர் மரங்கள் இன்று இல்லை. அவர் சைக்கிள் மிதித்த அந்தச் செம்மண் சடக்கின் மேல் வரிசை வரிசையாக வீடுகள். ஆனாலும் விமலாவின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாள்!

அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "என்னா வேகமா நடப்பே! ஒரு நாளாச்சும் என்கிட்டேருந்து தப்பிக்க முடிஞ்சிச்சா?"

கலாதேவி கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தப்பிக்கவா? மச்சான், அக்கா அதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்து, குளிச்சு, பவுடர் போட்டுக்கிட்டு, நீங்க வாற நேரம் பாத்து மறுபடியும் ஸ்டோருக்கு ஓடும் லா!"