நரிப்பயற்றுக்கு ஒரு சான்றிதழ்

ஒரு பயிர் முன்னேற வேண்டுமானால், முதலில் அது புறக்கணிக்கப்பட்டிருக்க வேண்டும். 'புறக்கணிக்கப்பட்ட பயறுகளுக்கான மரபணு மேம்பாட்டுத் திட்ட'த்தின் முதல் விதி இது. எந்தப் பயறு உண்மையிலேயே புறக்கணிக்கப்பட்டது என்று நேரில் பார்த்துச் சான்றிதழ் வழங்குவது மதுரையில் எங்கள் பிரிவின் வேலை. எங்கள் பிரிவையும் யாரும் கண்டுகொள்வதில்லை என்பதால் அந்த விஷயத்தில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு.

சமயநல்லூருக்கு மேற்கே சின்னத்தாய் என்பவர் நரிப்பயறு போட்டிருந்தார். அதற்கு ஒரு கெட்ட குணம். முற்றிய காய் வெயில் பட்டதும் வெடித்து, பயறெல்லாம் மண்ணில் சிதறிவிடும். பொறுக்கி மாளாது என்று ஊரே அதைக் கைவிட்டுவிட்டது. இந்த வருஷம் சின்னத்தாயின் வயலில் ஒரே ஒரு செடியின் காய் மட்டும் வெடிக்கவில்லை. முதலில் முற்றிய இரண்டு காய்களையும் ஆய்வகத்தில் அரைத்து மரபணுவைப் படித்துப் பார்த்தார் ஆய்வாளர் இந்துப்ரியா. இதுதான் காயைப் பிடித்து வைக்கிறது என்று ஒரு மரபணுவையும் கண்டுபிடித்துவிட்டார். மிச்சக் காய்கள் பச்சை. அவை முற்றினால் விதை கிடைக்கும். அந்த விதையை வைத்து வெடிக்காத ரகம் உருவாக்கலாம். அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்கு எங்கள் சான்றிதழ் வேண்டும்.

எங்கள் அதிகாரி வெங்கடசுப்பிரமணியன் வயலில் இறங்கியதும் முகம் சுளித்தார்.

"யாரும்மா களை எடுத்தது?"

"நாந்தேன் சார்."

"வேலி?"

"அதுவும் நாந்தேன்."

"அப்ப இது கவனிக்கப்பட்ட பயிர். சான்றிதழ் தர வழியில்லை."

"சார், ஊரே விட்டுருச்சு. இவங்க ஒருத்தங்கதான் வச்சிருக்காங்க" என்றார் இந்துப்ரியா.

"ஒருத்தர் கவனிச்சாலும் கவனிப்பு கவனிப்புதாம்மா. கொஞ்ச நாள் அப்படியே விடுங்க, பாப்போம்."

"விட்டா செத்துப் போகுமே சார்?" என்றார் சின்னத்தாய்.

"செத்தா உங்க மனுவுக்கு இன்னும் பலம்."

அடுத்த முறை போனபோது வேலி இல்லை, களை முழங்கால் உயரம் நின்றது. அதிகாரி திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டே வந்தவர், ஓர் ஓரத்தில் நின்றுவிட்டார்.

"இங்க கடிச்சிருக்கே?"

"ஆடு சார். வேலி இல்லைன்னா வராதா பின்ன?"

"பயனாளி இருக்குன்னு ஆயிருச்சே! ஆடு வரக்கூடாது. வேலியும் கூடாது."

"அப்ப நானே நின்னு பாத்துக்கிறேன்."

"காவல் போட்டா அதுவும் கவனிப்புதான். டாக்டரம்மா, நீங்களும் இந்தப் பக்கம் வரக்கூடாது. ஆராய்ச்சியை விடப் பெரிய கவனிப்பு ஏது?"

சின்னத்தாய் தலையாட்டிவிட்டு வயலை விட்டு வெளியே வந்தார். சான்றிதழ் வந்தால் எல்லா வயலுக்கும் வெடிக்காத விதை வரும் என்று நம்பியிருந்தார்.

அதற்குள் நகரத்து ஹோட்டல் ஒன்றில் பாரம்பரியப் பயறு விழா வந்தது. 'மரபணுவால் மாண்புறும் மரபு' என்று பேனர். வந்தவர்கள் தோளிலெல்லாம் சணல் பை, பைக்குள் பிளாஸ்டிக் பாட்டில். நரிப்பயற்றின் புரதத்தைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். சிலர் கண் கலங்கினார்கள். பிறகு சாப்பாடு. ஒரு பக்கம் பரோட்டா, சால்னா, மட்டன் சுக்கா. இன்னொரு பக்கம், மண்ணில் பொறுக்கிய போன வருஷப் பயற்றில் சின்னத்தாய் செய்துகொண்டு வந்த சுண்டல், ஒரு பெரிய சட்டி நிறைய. புரதம் பற்றிப் பேசியவர் அதைத் தாண்டி நேராகப் பரோட்டாவுக்குப் போனார். நாங்களும் போனோம்.

அதிகாரி மட்டும் திரும்பி வந்து சட்டியைப் பார்த்தார். ஒரு கரண்டி கூடக் குறையவில்லை. போட்டோ எடுத்தார்.

"வயல்ல தேடினது இங்க கிடைச்சிருச்சே! முழுப் புறக்கணிப்பு!" அங்கேயே சான்றிதழில் கையெழுத்தும் போட்டார்.

இந்துப்ரியா ஓடிவந்து சின்னத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, சான்றிதழ் வந்துருச்சு! அந்தச் செடியில காய் முத்திருச்சா?"

"எந்தச் செடி தாயி? சார் சொன்னாருன்னு நானும் எட்டிப் பாக்கல. முந்தாநாள் போனா வயல்ல ஒரு வேர் கூட இல்ல. ஆடு மேஞ்சிருச்சு. எம்புட்டு ஆசையா வச்சிருந்தேன்..."

கூட்டமே உச்சுக்கொட்டியது. எங்கள் அதிகாரி மட்டும் கலங்கவில்லை.

"கவலைப்படாதீங்கம்மா. இப்ப இது அழிந்த பயிர். அதுக்கு எங்க ஆபீஸ் மாடியில தனிப் பிரிவு இருக்கு. ஒதுக்கீடும் அதிகம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இந்துப்ரியா மட்டும் அழுதார். எனக்கும் வருத்தம்தான். இன்னொரு கரண்டி சால்னா வாங்கலாம் என்று போனால், பயற்றை நேசிக்கும் உங்களைப் போன்ற நல்லவர்கள் எல்லோரும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றிருந்தார்கள்.